அழகு நிலையம் நடத்துறீங்களா? படுக்கையையும் சாமான்களையும் சுத்தமா வச்சுக்கறது எப்படி?



நம்ம குழுக்களில் கறவை மாடு, ஆடு, தையல், இட்லிக் கடை என்று கடன் வாங்கியவர்கள் பலர். கொஞ்ச வருசமாக அழகு நிலையம் வைக்கவும் கேட்கிறார்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, செக்கானூரணி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இரண்டு ஸ்டாப்புக்கு ஒரு 'பியூட்டி பார்லர்' போர்டு கண்ணில் படுகிறது. அதில் சிலது நம்ம உறுப்பினர்களுடையது என்பதில் நமக்குப் பெருமைதான். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் ஒரு மாதம் போலப் படித்துவிட்டு, குழுவில் உள்கடனோ வங்கிக் கடனோ வாங்கி, வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, ஒரு ஃபேஷியல் படுக்கை போட்டால் தொழில் ஆரம்பம்.

பயிற்சியில் புருவம் திருத்த, முடி வெட்ட, மணப்பெண் அலங்காரம் செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சுத்தத்தைப் பற்றியும் ஒரு வகுப்பு உண்டு. ஆனால் கடை திறந்து ஆறு மாசம் ஆனதும் மறந்துபோவது அந்த வகுப்புதான். போன ஆவணி முகூர்த்த சமயத்தில் நமக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம். ஒரே நாளில் மூன்று பேருக்கு ஃபேஷியல். துண்டு இரண்டுதான் காய்ந்திருந்தது. மூன்றாவதாக வந்த கல்யாணப் பொண்ணுக்கு முந்தினவருக்குப் போட்ட துண்டையே உதறிப் போட்டார்கள். நாலாம் நாள் அந்தப் பொண்ணுக்குக் கழுத்தில் வட்டமாகப் படர்தாமரை. துண்டால்தான் வந்ததா, வேறெங்காவது ஒட்டியதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஊர் அப்படியா பார்க்கும்? "அந்தக் கடைக்குப் போனா சொறி வரும்" என்று ஒரு வார்த்தை பரவியது. அடுத்த இரண்டு மாசம் தவணை கட்ட அந்த அக்கா தன் கம்மலை அடகு வைத்தார். அதனால்தான் இந்த இதழில் இதை விரிவாக எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

வெளிநாட்டில் ஒரு வெளிச்சப் படுக்கை

முதலில் ஒரு வேடிக்கையான செய்தி. நம்ம கடைக்கு வருகிறவர்கள் "வெயில்ல கறுத்துட்டேன், கறுப்பை எடுத்து விடுங்க" என்று கேட்கிறார்கள் இல்லையா? அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துக் கறுக்கிறார்கள். அதற்கென்றே 'டானிங் பெட்' என்று ஒரு படுக்கை இருக்கிறது. சவப்பெட்டி மாதிரி மேல் மூடியும் கீழ்த் தட்டும். இரண்டிலும் வரிசையாக ட்யூப் லைட். நடுவில் படுத்தால் சூரியனிலிருந்து வருகிற புறஊதாக் கதிர் மாதிரியே அதிலிருந்தும் வரும். சில நிமிசம் படுத்து எழுந்தால், சில நாளில் தோல் பழுப்பாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2009-ல் இந்தப் படுக்கையை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில், புகையிலைக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிட்டது. அதே வருசம் பிரேசில் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2016 தொடக்கத்துக்குள் கடை வைத்து நடத்துவதே நின்றுபோனது. மதுரை வெயிலில் களை எடுக்கும் நமக்கு அந்தப் படுக்கை தேவையே இல்லை. ஆனால் அதைச் சுத்தம் செய்கிற விசயத்தில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது.

ஒன்று. வெறும் உடம்போடு ஆள் படுத்து வேர்க்கிற படுக்கை அது. அதனால் ஒவ்வொரு ஆள் எழுந்த பிறகும் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும். "உள்ளேதான் புறஊதாக் கதிர் வருதே, கிருமி தானா செத்துடும்" என்று அங்கேயும் சிலர் நினைக்கிறார்கள். தவறு. தோலைக் கறுக்க வைக்கிற கதிர் வேறு, கிருமியைச் சட்டென்று கொல்லும் கதிர் வேறு.

இரண்டு. ஆள் படுக்கிற தட்டு அக்ரிலிக் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதை ஸ்பிரிட்டோ, அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற மருந்தோ போட்டுத் துடைத்தால் மயிரிழை மாதிரி விரிசல் விடும். விரிசலுக்குள் வேர்வையும் அழுக்கும் புகும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் சுத்தமாகாது. அந்தப் பொருளுக்கு ஏற்ற மருந்தைத்தான் போட வேண்டும்.

நம்ம கடை ரெக்சின் படுக்கைக்கும் இதே கதைதான்.

நீல லைட் பெட்டியை நம்பலாமா?

கறுக்கும் கதிரைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறோம். நிறையக் கடைகளில் 'ஸ்டெரிலைசர்' என்று ஒரு சின்னப் பெட்டி. திறந்தால் உள்ளே நீல வெளிச்சம். கத்தரி, சீப்பு எல்லாம் உள்ளே கிடக்கும். பார்க்கிற வாடிக்கையாளருக்கு ஒரு திருப்தி.

உள்ளே இருப்பது கிருமி கொல்லும் உண்மையான புறஊதா விளக்காக இருந்தாலும், கதிர் நேராகப் படுகிற பக்கம் மட்டும்தான் வேலை நடக்கும். கத்தரியின் இரண்டு அலகுக்கு நடுவில், சீப்புப் பல்லின் இடுக்கில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிற சாமானின் அடியில் படாது. எண்ணெயோ முடியோ அழுக்கோ ஒட்டியிருந்தால் அதற்கு அடியிலும் படாது. மலிவான பெட்டிகள் சிலவற்றில் நீல நிற பல்பு மட்டும்தான் இருக்கும். நீலமாகத் தெரிவதால் அது கிருமி கொல்லும் விளக்கு ஆகிவிடாது. அதனால் ஏற்கனவே சுத்தம் செய்த சாமானைத் தூசி படாமல் வைக்கிற அலமாரியாக மட்டும் அந்தப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும்போது கதவைத் திறந்து உற்றுப் பார்க்காதீர்கள். கண் எரிந்து சிவந்துவிடும்.

எங்கள் கருத்து இதுதான்: அந்தப் பெட்டிக்குக் கொடுக்கிற காசில் பத்துப் பன்னிரண்டு துண்டு அதிகமாக வாங்கி வைத்தால் அதுதான் நல்ல முதலீடு.

என்னென்ன ஒட்டும்?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எதற்காக இந்த வேலை என்று தெரிந்தால்தான் அலுப்பில்லாமல் செய்வோம்.

துண்டிலும் படுக்கையிலும் பரவுவது படர்தாமரை, சொறி சிரங்கு, கொப்புளம். முன்பு ஒரு களிம்பில் போய்விடுகிற படர்தாமரை இப்போது மாதக்கணக்கில் படுத்துகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற கலவைக் களிம்பைத் தடவித் தடவி அதுவும் பழகிவிட்டது. சீப்பில் பேன். புருவம் திருத்தும் இடத்தில் தட்டையான மருக்கள், புருவத்து ஓரமாகவே வரிசையாக வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கண்மை, மஸ்காரா பிரஷ்ஷில் மெட்ராஸ் ஐ. நம்ம சென்னைப் பேரையே வைத்துக்கொண்ட அந்தக் கண்வலிக் கிருமி காய்ந்த பொருளிலும் நாள் கணக்கில் இருக்கும். ஒரே காஜல் குச்சியை மணப்பெண்ணுக்கும் தோழிகள் நாலு பேருக்கும் போட்டால், தாலி கட்டும்போது போட்டோவில் அத்தனை பேர் கண்ணும் சிவப்பாகத்தான் இருக்கும்.

ரத்தம் வழியாகப் பரவுவது தனி. பிளேடு, கத்தரி, நகம் வெட்டி, கரும்புள்ளி எடுக்கிற ஊசி ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் இருந்தாலே போதும். எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே வந்தால் சீக்கிரம் வலுவிழந்துவிடும். கல்லீரலைக் கெடுக்கிற மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி அப்படியில்லை. காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். போன செவ்வாய்க்கிழமை வந்தவரின் ரத்தம் இந்தத் திங்கள்கிழமை வருகிறவருக்குப் போகலாம் என்று அர்த்தம்.

அமெரிக்காவில் அல்புகர்க்கி என்ற ஊரில் ஒரு ஸ்பா. முகம் பளபளக்க வாடிக்கையாளரின் ரத்தத்தையே எடுத்து, அதில் ஒரு பகுதியை ஊசியால் முகத்தில் குத்தி ஏற்றுகிற ஒரு ஃபேஷியல் அங்கே பிரபலம். ஒரு தடவைக்கு மட்டும் என்று வந்த சாமான்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். 2018-ல் அரசு அந்த இடத்தை மூடியது. அங்கே சிகிச்சை செய்துகொண்டதால் மூன்று பெண்களுக்கு எச்.ஐ.வி. வந்திருக்கக்கூடும் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-ல் அறிக்கை வெளியிட்டது. பணக்கார நாடு, ஏ.சி. அறை, வெள்ளை கோட்டு எல்லாம் இருந்தும் நடந்தது. ஊசியால் குத்துகிற எந்த வேலையும் நம்ம பார்லருக்கு வேண்டாம், அது மருத்துவர் வேலை.

இங்கே ஒரு விசயம். சில கடைகளில் ஆளைப் பார்த்து, தெருவைப் பார்த்து, "இவங்களுக்குத் தனித் துண்டு" என்று ஒதுக்கி வைக்கிறார்கள். நோய் என்று காதில் விழுந்தாலும் அதே கதை. கிருமிக்குச் சாதி தெரியாது. முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் தனித் துண்டு, எல்லோருக்கும் சுத்தம் செய்த கத்தரி. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பாகுபாடு செய்யக் கூடாது என்று 2017-ம் வருசச் சட்டமே இருக்கிறது.

படுக்கை

ஒருவர் எழுந்ததும் விரிப்பை எடுத்துக் கூடையில் போடுங்கள். உதறி மறுபடி விரிக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். விரிப்புக்குப் பேப்பர் ரோல் வாங்கலாம், காசு கூடுதல். பழைய பருத்திச் சேலையை அளவாக வெட்டி ஓரம் தைத்தால் ஒரு சேலையில் இரண்டு மூன்று விரிப்பு வரும். நைலக்ஸ், பாலியஸ்டர் வேண்டாம். வேர்வையை உறிஞ்சாது, கொதிநீரும் தாங்காது.

அடுத்து ரெக்சின். மசாஜ் எண்ணெயும் கிரீமும் அதில் பிசுக்காக ஒட்டியிருக்கும். பிசுக்கின் மேல் எந்தக் கிருமிநாசினி போட்டாலும் வீண். முதலில் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு பிளீச்சிங் தண்ணீரில் (எப்படிக் கலப்பது என்று கீழே சொல்கிறோம்) நனைத்துப் பிழிந்த துணியால் ஈரம் தெரிகிற மாதிரித் துடைத்து, பத்து நிமிசம் விடுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் ஒரு தடவை. இந்தக் கடைசித் துடைப்பை விட்டால் ரெக்சினும் வெளுத்துப்போகும், அடுத்தவர் முதுகும் அரிக்கும். தலை வைக்கிற இடம், கை வைக்கிற இடம், படுக்கை மடிகிற மூட்டு, தையல் ஓரம் ஆகியவைதான் முக்கியம். தையலில் முடி சிக்கியிருக்கும். பழைய பல் பிரஷ் ஒன்று அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வாளியோடு தண்ணீரை ஊற்றிக் கழுவினால் உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சில் இறங்கிப் பூஞ்சை பிடித்து நாறும்.

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா சீக்கிரம் காயுதே அக்கா" என்று கேட்பீர்கள். அவசரத்துக்கு எப்போதாவது போடலாம். தினமும் பத்துத் தடவை போட்டால் ரெக்சின் வறண்டு வெடிக்கும். முன்னே சொன்ன அக்ரிலிக் விரிசல் மாதிரியே ஆகிவிடும். அதோடு ஸ்பிரிட் பற்றி எரியக்கூடியது. பக்கத்தில் வேக்ஸ் ஹீட்டரோ சாமி விளக்கோ இருந்தால் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

வெடிப்பு விட்ட ரெக்சினில் செல்லோ டேப் ஒட்டுவது பிரயோசனம் இல்லை. டேப் ஓரத்தில் அழுக்கு சேரும். ஆட்டோ சீட், பைக் சீட் தைக்கிற கடைக்குக் கொண்டுபோனால் மேலுறையை மட்டும் மாற்றித் தருவார்கள். புதுப் படுக்கை வாங்குவதை விட எவ்வளவோ குறைந்த செலவு.

பிளீச்சிங் தண்ணீர் கலக்கும் முறை

முதலில் ஒரு எச்சரிக்கை. நம்ம தொழிலில் முகத்துக்குப் போடுகிற 'பிளீச்' கிரீம் வேறு, சாமான் கழுவுகிற பிளீச்சிங் பவுடர் வேறு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். உதவிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

ஊராட்சியில் கிணற்றிலும் தொட்டியிலும் போடுகிற பவுடர்தான் இது. புதுப் பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும். 100 கிராம் பவுடரை 6 லிட்டர் தண்ணீரில் கலந்தால் அரை சதவீதக் கரைசல் கிடைக்கும். சின்னக் கடைக்கு 50 கிராம், 3 லிட்டர் போதும். கண் அளவில் போட வேண்டாம். பலசரக்குக் கடைத் தராசில் 50 கிராம், 50 கிராமாக நிறுத்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கலக்கி அரை மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கு மட்டும்தான். மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற நெடி இல்லாவிட்டால் அந்தப் பவுடர் செத்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

கலக்கும்போது கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட், பினாயில், கக்கூஸ் கழுவுகிற திரவம், வினிகர் எதையும் இதோடு சேர்க்கக் கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் விசவாயு வரும். "ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்" என்று கலந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

கத்தரி, சீப்பு, நூல், மெழுகு

எல்லாச் சாமானுக்கும் முதல் வேலை சோப்பும் தண்ணீரும் பிரஷ்ஷும்தான். முடியும் எண்ணெயும் போகாமல் கரைசலில் போட்டால் குளோரின் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துபோகும், கிருமி பத்திரமாக இருக்கும்.

சீப்பு, பிளாஸ்டிக் கிளிப், ரோலர் எல்லாம் கழுவிப் பத்து நிமிசம் கரைசலில் முழுக்க மூழ்க வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காய வைத்தால் போதும். பேன் தலைக்குப் போட்ட சீப்பை, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிசம் போடுங்கள். குறைந்தது ஆறு சீப்பு இருந்தால்தான் இது நடக்கும். ஒரே சீப்பை வைத்துக்கொண்டு சுத்தம் பேச முடியாது.

கத்தரி, ட்வீசர், நகம் வெட்டி போன்ற இரும்பு, எவர்சில்வர் சாமான்களைக் கரைசலில் இரவெல்லாம் போட்டால் துரு ஏறிவிடும். அவற்றுக்கு நம்ம வீட்டு முறையே நல்லது. கழுவிய சாமானைத் தண்ணீரில் மூழ்க வைத்து, கொதி வந்த பிறகு 20 நிமிசம் கொதிக்க விடுங்கள். அதைவிட நல்லது பிரஷர் குக்கர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். மருத்துவமனையில் இருக்கிற பெரிய ஆட்டோகிளேவும் இதே தத்துவம்தான். அடியில் தண்ணீர், மேலே தட்டு, தட்டில் துணியில் சுற்றிய சாமான். விசில் வந்ததும் அடுப்பைக் குறைத்து 20 நிமிசம் வைத்து, தானாக ஆறிய பிறகு திறங்கள். பழைய குக்கர் ஒன்றை இதற்கென ஒதுக்கிவிடுங்கள். அதில் மறுபடி பருப்பு வேக வைக்க வேண்டாம். கத்தரி மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இறுகாது.

பிளேடு ஆளுக்கு ஒன்று. இதில் பேச்சே இல்லை. ஒரு பிளேடை இரண்டாக உடைத்துப் பாதிப் பாதி இரண்டு பேருக்குப் போட்டால்கூடப் பரவாயில்லை, ஒரே பாதியை இரண்டு பேருக்குப் போடக் கூடாது. போட்டு முடித்ததைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடியில் கீறல் போட்டு உள்ளே தள்ளுங்கள். வெறுமனே குப்பையில் போட்டால் ஊராட்சித் தூய்மைப் பணியாளர் கையைத்தான் கிழிக்கும். அவர்களில் பாதிப் பேர் நம்ம குழு உறுப்பினர்கள்தான்.

நூல் விசயம். புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடிப்பது நம்ம எல்லோருக்கும் பழக்கம். நம்ம எச்சில் நூல் வழியாக அவர்கள் தோலுக்கு, அவர்கள் தோலில் இருப்பது நம்ம வாய்க்கு. முனையைக் கழுத்தில் வளையமாகக் கட்டிக்கொண்டு செய்யலாம். முதல் வாரம் கை வராது, பிறகு பழகிவிடும். எப்படியானாலும் ஆளுக்குப் புது நூல். முடித்ததும் அவர்கள் கண் முன்னாலேயே அறுத்துப் போடுங்கள், அதைப் பார்த்தே திரும்ப வருவார்கள்.

மெழுகு சூடாகத்தானே இருக்கிறது என்று ஒரே குச்சியைத் தோலிலும் டப்பாவிலும் மாற்றி மாற்றி விடுகிறோம். உடம்பு பொறுக்கிற சூட்டில் கிருமி சாகாது. ஐஸ் குச்சிக் கட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு முறை தோய்த்தால் ஒரு குச்சி. மறுபடி தோய்க்கப் புதுக் குச்சி. கிரீமையும் அப்படித்தான், டப்பாவில் விரல் விடாமல் சுத்தமான ஸ்பூனால் தேவையான அளவு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் மிச்சமானால் டப்பாவுக்குத் திரும்பப் போகக் கூடாது.

கால் தொட்டி

பெடிக்யூர் தொட்டியைப் பற்றி ஒரு உண்மைச் சம்பவம். 2000-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில் ஒரு நகக் கடை. அங்கே கால் வைத்தால் தண்ணீர் தானாகச் சுழன்று அடிக்கிற தொட்டிகள் பத்து. அந்தக் கடைக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் வந்தன. மாதக்கணக்கில் நீடித்தன, தழும்பும் விழுந்தது. சுகாதாரத் துறை வந்து தொட்டியைப் பிரித்துப் பார்த்தது. தண்ணீரை உறிஞ்சுகிற சல்லடைத் தட்டுக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் பந்து பந்தாக அடைந்திருந்தது. பத்துத் தொட்டியிலும் கட்டியை உண்டாக்குகிற கிருமி வளர்ந்திருந்தது. தொட்டியை வெளியே துடைத்தார்கள், அந்தத் தட்டைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது: வருவதற்கு முன் காலில் ரேசர் போட்டிருந்தவர்களுக்குத்தான் அதிகம் வந்திருந்தது.

நம்மிடம் பெரும்பாலும் சாதா பிளாஸ்டிக் தொட்டிதான். அது உண்மையில் நல்லதுதான், உள்ளே மறைவிடம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தண்ணீரை மாற்றி, தேய்த்துக் கழுவி, கரைசல் ஊற்றிப் பத்து நிமிசம் வைத்துக் கவிழ்த்துவிடுங்கள். சுழல் தொட்டி வாங்கியிருந்தால் தினமும் இரவு சல்லடையைக் கழற்றுங்கள். காலில் வேக்ஸிங்கோ ரேசரோ போட்ட அன்றே பெடிக்யூர் வேண்டாம், இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். பித்த வெடிப்பில் ரத்தம் கசிகிறவர்கள், சர்க்கரை நோயால் காலில் புண் உள்ளவர்கள் வந்தால் பக்குவமாகச் சொல்லி டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். ஒரு வாடிக்கை போனாலும் போகட்டும்.

ஸ்டீமரும் நம்ம ஊர் உப்புத் தண்ணியும்

மதுரையைச் சுற்றி போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணிதான். அதை ஸ்டீமரில் ஊற்றினால் வெள்ளைப் படிவு கட்டி, கம்பிச்சுருள் சூடாகி எரிந்துபோகும். அதைவிட ஆபத்து, குழாய் பாதி அடைத்து ஆவிக்குப் பதில் கொதிநீர்த் துளி முகத்தில் தெறிப்பது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் நல்லது. முடியாதவர்கள் ஆர்.ஓ. தண்ணீராவது ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டி நிரப்பக் கூடாது. ஆவி சீராக வருகிற வரைக்கும் குழாயை முகத்துக்கு நேரே திருப்பவும் கூடாது. இரவு பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு மிச்சத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பாதி வினிகர், பாதி தண்ணீர் ஊற்றி ஊற வைத்தால் படிவு இளகும். அதன்பின் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள்.

துண்டு எத்தனை வேண்டும் என்று கேட்டால், கூட்டம் அதிகமான நாளில் வருகிற ஆட்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு, அதோடு மழை நாளுக்கு அரை மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்குத்தூண் பக்கம் மொத்தமாக வாங்கினால் மலிவு. வெள்ளைத் துண்டு வாங்கினால் அழுக்கு மறையாது, அதனால் வெள்ளையே வாங்குங்கள். வெந்நீரில் சோப்புப் போட்டு ஊற வைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் மொறுமொறுப்பாகக் காய வையுங்கள். அரை ஈரத்தோடு மடித்தால் படர்தாமரைப் பூஞ்சைக்கு நாமே பாய் விரித்த மாதிரி. குடும்பத்துத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

வெட்டுப்பட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் கத்தரி படும். வாடிக்கையாளருக்கு ரத்தம் வந்தால் வேலையை நிறுத்தி, கையுறை போட்டுச் சுத்தமான பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். படிகாரக் கட்டியை ஆளாளுக்கு அதே கட்டியாகத் தேய்க்காதீர்கள். அந்தச் சாமானைத் தனியே எடுத்து வைத்து முழுச் சுத்தம் செய்த பிறகே மறுபடி எடுக்க வேண்டும்.

அவர்கள் ரத்தம் பட்ட பிளேடு உங்கள் விரலைக் கிழித்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், பிதுக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேவைப்பட்டால் எச்.ஐ.வி. வராமல் தடுக்க மாத்திரை தருவார்கள். அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மறைத்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து அழுவதில் பிரயோசனம் இல்லை. நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

மஞ்சள் காமாலை பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் போட்டுக்கொள்ள வேண்டும்.

செலவைப் பற்றி

கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு உறுப்பினர் எழுந்து, "புருவத்துக்கு வாங்கறதே கொஞ்சம் காசு. இம்புட்டும் செஞ்சா எனக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நூல், பிளேடு, ஐஸ் குச்சி, பவுடர், சோப்பு எல்லாவற்றையும் ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தபோது வந்தது சில ரூபாய்தான். பெரிய செலவு என்றால் துண்டும் நேரமும். ஆளுக்கு ஆள் பத்து நிமிச இடைவெளி விட வேண்டும், முகூர்த்த நாளில் அதுதான் கஷ்டம். இரண்டு செட் சாமான் இருந்தால் ஒன்று ஊறும்போது ஒன்றில் வேலை நடக்கும். நீங்களும் உங்கள் கடை விலையை வைத்துப் போட்டுப் பாருங்கள். 2020-ல் ஊரடங்கு முடிந்து கடை திறந்தபோது எல்லோரும் இதையெல்லாம் செய்தோமே? வாசலில் கை கழுவத் தண்ணீர், ஆளுக்கு ஒரு துண்டு, ஆள் போனதும் நாற்காலி துடைப்பு. அப்போது முடிந்தது. கொரோனா பயம் போனதும் விட்டுவிட்டோம்.

இனிமேல் அழகு நிலையத்துக்குக் கடன் கேட்டு வரும் மனுவில், துண்டு, இரண்டாவது செட் சாமான், குக்கர், தடுப்பூசிச் செலவையும் திட்ட மதிப்பீட்டில் சேர்க்கலாம் என்று கூட்டமைப்பில் பேசியிருக்கிறோம். ஊக்குநர்கள் இதைத் தங்கள் குழுவில் வைத்து, தீர்மான நோட்டில் எழுதி அனுப்பவும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடை காற்று வாங்கும். படுக்கை ரெக்சின் மாற்றுவது, ஸ்டீமர் பழுது பார்ப்பது, கத்தரி சாணை பிடிப்பது, தடுப்பூசி முதல் தவணை போடுவது எல்லாவற்றையும் அந்த மாசத்திலேயே முடித்துக்கொண்டால் ஆவணிக்குத் தயாராக இருக்கலாம்.